வுல்பெண்டால் தேவாலயமும் தமிழும்

கொலன்னாவையிலிருந்து தெமட்டகொடை, மருதானை வழியாகப் புறக்கோட்டையை வந்தடையும் ஒருவர், பிரதான வீதியின் கிழக்கு முனையில் பழைய மணிக்கோபுரம் ஒன்று நிற்பதைக் காணலாம். கடைகளும் பாரவண்டிகளும் நெருக்கியடித்து நிற்கும் அவ்விடத்திலே அதனை நிமிர்ந்து பார்ப்போர் மிகச் சிலரே. ஒல்லாந்தர் காலத்தில் நகர மதிலின் வாயில்களுள் ஒன்று அங்கேதான் இருந்தது. கெய்மன் வாயில் என்பது அதன் பெயர். கெய்மன் என்னும் சொல் முதலையைக் குறிக்கும். அகழியிலும் அடுத்திருந்த நீர்நிலையிலும் முதலைகள் வாழ்ந்தமையால் அப்பெயர் வந்ததென்பர். அவ்வாயிலைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கமாக மேடேறினால் வுல்பெண்டால் தேவாலயம் தென்படும். வுல்பெண்டால் என்பதன் பொருள் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. முதலை வாயிலைத் தாண்டி ஓநாய்ப் பள்ளத்தாக்கினுட் புகுந்து இறைவனைத் தொழவேண்டியிருந்தது அக்காலக் கொழும்பு வாசிக்கு!

இலங்கையில் ஓநாய் கிடையாது. மதிலுக்கு வெளியே காடும் சதுப்புமாய்க் கிடந்த அந்நிலத்திலே திரிந்த நரிகளை ஐரோப்பியர் ஓநாய்களென்று கருதிவிட்டனர் என்பது பெரும்பாலோர் கூறும் விளக்கம். இன்னுமொரு விளக்கமும் உண்டு. போர்த்துக்கீசர் காலத்தில் அங்கே குவாதலூப்பே மாதாவின் பெயரால் ஆலயமொன்று இருந்தது. அப்பெயர் மக்கள் வாயிலே சிதைந்து, ஓநாயைக் குறிக்கும் 'லூப்போ' என்ற ஒலியைப் பெற்றது. பின்வந்த ஒல்லாந்தர் அதனையே தம் மொழியிற் பெயர்த்துக் கொண்டனர் என்பது அது. இரண்டில் எது சரியாயினும் ஒன்று மட்டும் தெளிவு. இவ்விடத்தின் பெயரே ஒரு பிழையான பெயர்ப்பிலிருந்து பிறந்தது. மொழிபெயர்ப்பு என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியிலே முக்கியம் பெறப்போவதால் இதனை இங்கே குறித்துக் கொள்வது நன்று.

பழைய தேவாலயமொன்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை எதிர்பார்த்தே செல்கின்றனர். பிரான்சு நாட்டின் சார்த்திரே பேராலயம் அத்தகைய எதிர்பார்ப்பை உலகெங்கும் வளர்த்துவிட்டது. வேதக் கதைகளும் அடியார் வரலாறுகளும் ஒளியில் எழுதப்பட்ட ஓவியங்களாய் உயரத்தில் மின்னுவதும், வெயில் சாயுந்தோறும் தரையில் நிறங்கள் நகர்வதும் கண்டார் உள்ளத்தைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. சிற்பமும் ஓவியமும் செறிந்த கோயில்களைக் கண்டு பழகிய தமிழ்க் கண்ணுக்கு இது புதியதொன்றன்று. எழுத்தறியாதார்க்கு ஓவியமே நூல் என்ற கருத்தைக் கி.பி. 600ஆம் ஆண்டையொட்டிப் பாப்பரசர் முதலாம் கிரெகோரியார் மார்சேய் நகர ஆயருக்கு எழுதிய கடிதத்தில் வலியுறுத்தினார். இடைக்கால ஐரோப்பாவின் சாளரங்கள் அனைத்தும் அக்கருத்தின் வழிவந்தவை எனலாம்.

வுல்பெண்டாலைக் கட்டியோர் இக்கருத்தினை மறுத்த மரபினர். 1563ஆம் ஆண்டு வெளிவந்த ஹைடல்பேர்க் ஞானோபதேச நூல், பாமரர்க்கு நூலாக உதவும் என்ற காரணத்தைக் காட்டியும் ஆலயத்தில் உருவங்களை வைத்தலாகாது எனத் தெளிவாக விதித்தது. ஊமை உருவங்களாலன்றி உயிருள்ள பிரசங்கத்தாலேயே மக்கள் போதிக்கப்படவேண்டும் என்பது அதன் துணிபு. மூன்று ஆண்டுகளின் பின், 1566 இல், ஒல்லாந்தும் அதனை அடுத்த நாடுகளும் ஓர் உருவழிப்புப் புயலைக் கண்டன. ஆலயங்கள்தோறும் சிலைகள் உடைபட்டன, ஓவியங்கள் கிழிபட்டன, சாளரங்கள் நொறுங்கின.

ஆயினும் உருவத்தை முற்றாகத் துறத்தல் மனிதருக்கு எளிதாக இருக்கவில்லை. ஒல்லாந்தின் கௌடா நகரிலுள்ள புனித யோவான் ஆலயத்துச் சாளரங்கள் இதற்கு நல்ல சான்று. டிர்க், வவுட்டர் என்னும் கிராபெத் சகோதரர் 1555 முதல் 1571 வரை கத்தோலிக்க ஆட்சியிலே தீட்டிய பெருஞ் சாளரங்கள் அப்புயலுக்குத் தப்பிப் பிழைத்தன. ஆலயம் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறிய பின்னரும், 1594 முதல் 1603 வரை, புதிய சாளரங்கள் அங்கே சேர்க்கப்பட்டன. ஆனால் அவற்றிலே அடியாருக்கு இடமில்லை. லெய்டன் நகரின் முற்றுகை நீங்கிய வரலாறு ஒரு சாளரத்திலும், மனச்சாட்சிச் சுதந்திரம் ஒரு பெண்ணுருவாக மற்றொரு சாளரத்திலும் இடம்பெற்றன. அடியார் இறங்கிய இடத்திலே அரசு ஏறியது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு வுல்பெண்டாலினுள் நுழைவோர்க்கு அங்குக் காண்பன பல எளிதில் விளங்கும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656ஆம் ஆண்டு போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. அதன் ஆட்சியாளர் தொடக்கத்தில் வழிபட்டது கோட்டையினுள் இருந்த ஆலயத்திலேயே. பதினெட்டாம் நூற்றாண்டில் அது போதாததும் பழுதடைந்ததுமாய்ப் போகவே புதியதொன்று வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. தேசாதிபதி ஸ்டெயின் வன் கொலனெஸ் காலத்திலேதான் அது நிறைவேறும் நிலைக்கு வந்தது. 1749 இல் வேலை தொடங்கிற்று. அவரது பெயரின் முதலெழுத்துகளும் அவ்வாண்டும் ஆலயத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. எட்டு ஆண்டு உழைப்பின் பின் 1757ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், தேசாதிபதி யோன் கிடியோன் லோட்டன் முன்னிலையில், கொழும்புச் செமினரியின் தலைவர் வெர்மெல்ஸ்கிர்ச்சர் அதனைப் பிரதிட்டை செய்தார்.

இந்த லோட்டன் பற்றி ஒரு சொல். ஆட்சியிலும் பார்க்கப் பறவைகளிலேயே அவர் மனம் ஊன்றியிருந்தது போலும். இந்நாட்டிற் பிறந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்பவரைக் கொண்டு அவர் வரைவித்த பறவை ஓவியங்கள் இயற்கை வரலாற்றறிஞரிடையே பெருமதிப்புப் பெற்றன. நம் வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் நீண்ட அலகுடைய தேன்சிட்டு ஒன்று இன்றும் அறிவியலில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆலயத்துள் ஓவியம் ஆகாதென்ற சமயத்தின் பிரதிநிதி, அதற்கு வெளியே ஓவியத்தை இத்துணைக் காதலித்தார்.

கட்டடம் கிரேக்கச் சிலுவை வடிவிலானது. நாற்புறமும் ஒத்த நீளமுடைய கைகள். நடுவே உயர்ந்தெழும் கூரை. ஆம்ஸ்ரர்டாம் நகரில் 1620களில் எழுந்த வடக்கு ஆலயமும் இவ்வடிவினதே. இவ்வடிவம் அழகு கருதி மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. நீண்ட மண்டபத்தின் கோடியிலே பலிபீடத்தை அமைத்து அதனை நோக்கி நடக்கும் வழிபாட்டு முறை கத்தோலிக்கருடையது. சீர்திருத்தச் சபையாருக்கு வேண்டியது நடந்து செல்லும் வழியன்று. எல்லாரும் கேட்கக்கூடிய இடம். நான்கு கைகளிலும் அமர்ந்திருப்போர் அனைவருக்கும் பிரசங்கியாரின் குரல் எட்டவேண்டும். ஆகவே பிரசங்க மேடையே இங்கு முதன்மை பெறுகிறது. கபுக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு ஏறத்தாழ 5 அடி கனத்தில் எழுப்பிய சுவர்கள் வெளியூர் இரைச்சலைத் தடுத்து நிற்கின்றன. புறக்கோட்டையின் ஆரவாரத்திலிருந்து உள்ளே புகுவோர் முதலில் உணர்வது இந்த அமைதியையே. இது காண்பதற்கென அமைந்த ஆலயமன்று, கேட்பதற்கென அமைந்தது.

கௌடாவிலே கண்ட முரண்பாடு இங்கும் உண்டு. அடியார் உருவம் ஆகாதென்று விலக்கியவர்கள் அதிகாரிகளின் குலச் சின்னங்களை விலக்கவில்லை. நடுக்கூரையின் உச்சியிலே, தலையில் முடியும் ஒரு கையில் வாளும் மறுகையில் ஏழு அம்புகளும் தாங்கிய வெண்கலச் சிங்கம் ஒன்று நின்றது. ஒல்லாந்தின் ஏழு ஐக்கிய மாகாணங்களை அவ்வம்புகள் குறித்தன. சிலுவையன்று, அரசின் இலச்சினையே ஆலயத்திற்கு முடியாயிற்று. 1856 இல் விழுந்த இடி அச்சிங்கத்தையும் கூரையையும் சிதைத்தது. அப்போது ஒல்லாந்தர் ஆட்சி நீங்கி 60 ஆண்டுகள் கழிந்திருந்தன. உள்ளே, தேசாதிபதிக்கும் அவரது சுற்றத்தாருக்கும் தனி இருக்கைகள். கருங்காலி மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய நாற்காலிகள். தரையிலோ குலச் சின்னங்களும் நீண்ட ஒல்லாந்த வாசகங்களும் பொறித்த கல்லறைக் கற்கள். கோட்டை ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டிருந்த தேசாதிபதிகளின் எச்சங்களும் 1813 இல், பிரித்தானியர் ஆட்சியின்போது, இங்கு கொண்டுவரப்பட்டன.

இத்தகைய ஆலயத்திலே இந்நாட்டு மக்களின் இடம் எது என்ற வினா எழுகின்றது. கம்பனியின் ஆட்சியிலே சமயம் அரசின் ஓர் இலாகா எனின் மிகையாகாது. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுத்தல் பிளக்காட்டு எனப்படும் அரசாணைகளால் தடுக்கப்பட்டது. கோவாவிலிருந்து 1687 இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளார் இத்தடைகளின் நடுவேதான் பணி புரிந்து 1711 இல் கண்டியில் மறைந்தார். சைவரின் பகிரங்க வழிபாட்டுக்கும் இடமில்லை. முதலியார் பதவி முதலான உத்தியோகங்களுக்குத் திருமுழுக்கு வேண்டியிருந்தது. பிறப்பும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பிற் பதியப்பட்டாலன்றி முதுசொம் கோருவது கடினம். இந்நிலையில் பெயரளவிற் கிறிஸ்தவரானோர் பல்லாயிரவர். பிரித்தானியர் வந்து அரசின் நெருக்குதல் தளர்ந்ததும் அத்தொகை மளமளவென்று சரிந்தது. 1806 இல் மெயிட்லண்ட் தேசாதிபதி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தம் நாட்டுச் சாளரத்திலே தீட்டி வைத்தவர்கள், அதனைக் கடல் கடந்து கொண்டுவர மறந்தனர் என்றுதான் கூறவேண்டும். மறந்தனர் என்பதுகூட மென்மையான சொல்லே.

இவ்வளவும் உண்மையாயினும், ஒல்லாந்தர் சமயத்தை வெறும் தோம்புக் கணக்காகக் கொண்டு ஒதுக்கிவிடுவதும் பொருந்தாது. உருவத்தை விலக்கிய சமயம் சொல்லைச் சார்ந்து நிற்கவேண்டியதாயிற்று. சொல்லைச் சார்ந்தபோது, யாருடைய சொல் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. ஓவியத்தைக் காண மொழி வேண்டா. பிரசங்கத்தைக் கேட்க மொழி வேண்டும். கொழும்பு நகர மக்களிற் பெரும்பகுதியினர் ஒல்லாந்தம் அறியார். அவர்களுள் ஒரு சாராரின் வழக்கு, வெல்லப்பட்ட பகைவரான போர்த்துக்கீசரின் மொழி. அதனை ஒழிக்க முயன்ற ஆட்சியே கடைசியில் அம்மொழியிற் பிரசங்கிக்க நேர்ந்தது. ஏனையோருக்குச் சிங்களமும், ஒல்லாந்தர் மலபார் மொழியென்று குறித்த தமிழும் தேவைப்பட்டன.

இத்தேவையே கொழும்பில் அச்சுக்கூடத்தைத் தோற்றுவித்தது. 1737 இல் முதலாவது சிங்கள அச்சுநூல் அங்கு வெளிவந்தது. தமிழ் நூல்களும் அதனைத் தொடர்ந்தன. செமினரி அதற்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியில் இப்போது ஒல்லாந்தர் கால அரும்பொருட்சாலையாக விளங்கும் மாளிகையே 1696 முதல் அச்செமினரிக்கு இல்லமாயிருந்தது. வுல்பெண்டாலைக் காணச் செல்வோர் அம்மாளிகையையும் சேர்த்தே காணுதல் வேண்டும். ஒன்றின்றி மற்றது விளங்காது.

அச்செமினரியில் உருவானவர் பிலிப்பு தெ மெல்லோ. 1723 இல் கொழும்புச் செட்டிகள் சமூகத்திற் பிறந்தவர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், போர்த்துக்கீசம், ஒல்லாந்தம் ஆகியவற்றோடு தமிழிலும் ஆழ்ந்த புலமை பெற்றவர். ஒல்லாந்த சீர்திருத்தச் சபையில் முழு உரிமையுடைய குருவாக உயர்த்தப்பட்ட முதற் சுதேசி எனப் போற்றப்படுபவர். உரோம சபையை மறுத்து அவர் எழுதிய 'சத்தியத்தின் செயம்' 1753 இல் வெளிவந்தது. அது கண்டன நூல். ஆட்சியின் பக்கம் நின்று, ஆட்சியால் ஒடுக்கப்பட்டோரை எதிர்த்து எழுதப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் புகழ் அந்நூலைச் சார்ந்ததன்று. கிரேக்க மூலத்தை நோக்கிச் செப்பஞ்செய்த அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சேறியது. அப்பணியே அவரை நிலைநிறுத்தியது.

1757 இல் ஆலயம்; 1759 இல் வேதாகமம். இவ்விரு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. கட்டடக் கலை எழுதுவோர் முன்னதோடு நிறுத்திக் கொள்கின்றனர். தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோரோ 1715 இல் முற்றுப்பெற்ற சீகன்பால்குவின் தரங்கம்பாடிப் பதிப்பிலிருந்து பப்ரிசியஸ், இரேனியஸ் ஆகியோர்க்குத் தாவி, பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் உழைத்த 1850ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு வந்துவிடுகின்றனர். இடையிலே கொழும்புப் பதிப்பு ஒரு வரியிற் கழிந்து போகின்றது. நாவலருக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஈழத்தவர் ஒருவர் வேதாகமத் தமிழுக்குத் தாமே பொறுப்பேற்று நின்றார் என்பது அவ்வளவு சிறிய செய்தியா? சீகன்பால்கு கற்றுத் தேர்ந்த தமிழில் எழுதியவர். மெல்லோவோ தமிழினுள்ளிருந்து எழுதியவர். இவ்வேறுபாட்டின் விளைவை இரு பதிப்புகளையும் வரிவரியாக ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். அவ்வொப்பீடு நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு உரிய வேலை.

சைமன் காசிச்செட்டி 1859 இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாற்றிலே மெல்லோவுக்கு இடமளித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அந்நூலிலே அவர் வெறும் பாதிரியாராகக் காட்டப்படவில்லை. சூடாமணி நிகண்டுக்குப் புதிய செய்யுள்கள் சேர்த்த புலவராகவும் காட்டப்படுகிறார். நிகண்டுக்குச் செய்யுள் யாத்த கையே கிரேக்க வேதத்தையும் பெயர்த்தது. சமணராகிய மண்டலபுருடர் இயற்றிய நிகண்டிலே சீர்திருத்தச் சபைக் குரு ஒருவர் தம் பாடல்களை இணைத்தார் என்பதைத் தமிழின் வழக்கம் அறிந்தோர் வியப்பாகக் கொள்ளார்.

மெல்லோ தம் வாழ்வின் பெரும்பகுதியை யாழ்ப்பாணத்திற் கழித்து 1790 இல் மறைந்தார். ஆறு ஆண்டுகளின் பின், 1796ஆம் ஆண்டு பெப்ரவரியில், கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. செமினரி மூடப்பட்டது. ஒல்லாந்த மொழி வீடுகளிலும் மெல்ல மெல்ல அவிந்தது. பறங்கியர் ஆங்கிலத்துக்கு மாறினர். வுல்பெண்டாலின் பிரசங்க மேடையும் அதற்கேற்ப மொழி மாறிற்று. கொழும்புச் செட்டிகளுட் பலர் அங்கிலிக்கன் சபையிற் சேர்ந்தனர். அருகிலுள்ள ஜிந்துப்பிட்டியில் பிரௌன்றிக் தேசாதிபதியின் காலத்தில் எழுந்த புனித தோமையார் ஆலயம் அம்மாற்றத்தின் சின்னம். கொழும்புத் தேவாலயங்களில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பரவியதும் பிரித்தானியர் காலத்திலேயே. விக்டோரியா இராணியின் காலத்து ஆங்கிலேயர் இடைக்கால அழகை மீண்டும் விரும்பத் தொடங்கியிருந்தனர். அவ்விருப்பம் கப்பலேறி இங்கும் வந்தது. ஆகவே நம் நகரின் நிறச் சாளரங்களைக் கண்டு அவை ஐரோப்பாவின் தொன்மையென்று மயங்குதல் கூடாது. வுல்பெண்டாலின் வெண்சுவரே அவற்றினும் மூத்தது.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. அதன்பின் பறங்கியர் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தன. இரு நூற்றாண்டுக் காலம் இவ்வாலயத்தைத் தம்முடையதாகக் கொண்டிருந்த சமூகம் சுருங்கிற்று. தரையிலுள்ள கற்களிற் பெயர் பொறிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று மெல்பேணில் வாழ்கின்றனர். மொழிச் சட்டத்தால் இழந்தோர் தமிழர் மட்டுமல்லர் என்பதற்கு இக்கற்களும் சாட்சி.

யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளும் சிலுவை வடிவ ஆலயமொன்று இருந்தது. 1706 இல் கட்டப்பட்டது. வுல்பெண்டாலுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. மெல்லோ பணியாற்றிய காலத்தில் அதுவே யாழ்ப்பாணத்து ஒல்லாந்த ஆட்சியாளரின் ஆலயம். 1990 இல் கோட்டையைச் சுற்றி நிகழ்ந்த முற்றுகையையும் அதனைத் தொடர்ந்த போரையும் அது தாங்கவில்லை. கோட்டை மதிலின் பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டபோதிலும் ஆலயம் கற்குவியலாகவே எஞ்சியது. சகோதர ஆலயங்கள் இரண்டனுள் கொழும்பிலுள்ளது மட்டும் கூரையுடன் நிற்கிறது. அங்கே ஆங்கிலத்தோடும் சிங்களத்தோடும் தமிழிலும் வழிபாடு நடைபெறுகிறது. தமிழ் வழிபாட்டுக்கு வருவோர், தம்மால் வாசிக்க இயலாத ஒல்லாந்த எழுத்துகளை மிதித்துச் சென்று தம் இருக்கைகளில் அமர்ந்து, வேதபாடத்தைத் தமிழிலே கேட்கின்றனர்.